ஒரே நிலநடுக்கம், அருகருகே இருவேறு சேதம்: அடியில் உள்ள மண் என்ன செய்கிறது?

புதுமனை:

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில் 8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தில்தான் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த நகரத்துக்குள்ளேயே, பழைய ஏரி வற்றிய தரையின் மேல் எழுந்த பல மாடிக் கட்டடங்கள் சரிந்தன. சில கிலோமீட்டர் தள்ளி எரிமலைப் பாறையின் மேல் அமைந்த பல்கலைக்கழக வளாகமோ பெரிய சேதமின்றித் தப்பியது. நிலநடுக்கத்தின் அளவும் தொலைவும் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், வேறுபாடு மண்ணில்தான் இருக்க வேண்டும் என்பது தெளிவு. என் கேள்விகள் இரண்டு. மென்மையான மண் அதிர்வைத் தணிக்காமல் கூட்டுவது எப்படி? கட்டட விதிகள் மண்ணை வகைப்படுத்த ஓர் எண்ணைத் தருகின்றன. அந்த ஓர் எண் போதுமா? துறை சார்ந்தவர்கள் விரிவாகவே விளக்கினால் நன்றாக இருக்கும். கணக்கு வந்தாலும் பரவாயில்லை.

நிலஅலை:

கணக்கு வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கட்டடங்களை மிகுதியாகப் பாதிப்பது, தான் செல்லும் திசைக்குக் குறுக்காக நிலத்தை அசைத்துக்கொண்டு வரும் குறுக்கலைதான். கெட்டியான பாறையில் அது வினாடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓடும். தளர்ந்த வண்டலிலும் சேற்றிலும் வினாடிக்கு 100, 200 மீட்டர் என்று வேகம் இறங்கிவிடும். வேகம் இறங்கினாலும், அலை சுமந்து வரும் ஆற்றல் கீழிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த ஆற்றலின் அளவு, மண்ணின் அடர்த்தி, அலையின் வேகம், துகள்கள் அசையும் வேகத்தின் வர்க்கம் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் பொறுத்தது. முதலிரண்டும் குறைந்தால் மூன்றாவது கூடியே ஆக வேண்டும். அடர்த்தி 2.4, அலைவேகம் வினாடிக்கு 800 மீட்டர் உள்ள பாறையிலிருந்து அடர்த்தி 1.8, வேகம் 200 மீட்டர் உள்ள மண்ணுக்கு அலை படிப்படியாக ஏறி வருவதாக வைத்துக்கொள்வோம். முதலிரண்டின் பெருக்கம் 1920-இலிருந்து 360-ஆக, அதாவது 5.3-இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே அசைவு அதன் வர்க்கமூலமான 2.3 மடங்காகக் கூடுகிறது.

இது கதையில் பாதிதான். பாறையும் மண்ணும் படிப்படியாக மாறாமல் ஒரே எல்லையில் சட்டென்று மாறினால், மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பும் அலை அந்த எல்லையில் மோதி, பெரும்பகுதி மீண்டும் மேலே வருகிறது. அலை மண்ணடுக்குக்குள் சிறைப்பட்டு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வரும் அலைகள் சரியான இடைவெளியில் வந்து சேர்ந்தால் ஆட்டம் மேன்மேலும் பெருகும் ஒத்ததிர்வு உண்டாகிறது. அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மண்ணடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, அலைவேகத்தால் வகுக்க வேண்டும். மேற்சொன்ன மண் 20 மீட்டர் தடிமன் இருந்தால் 80-ஐ 200-ஆல் வகுத்து 0.4 வினாடி என்று கிடைக்கும். அந்த அலைவுக்காலத்தில் (ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தில்) மட்டும், பக்கத்தில் வெளியே தெரியும் பாறையைவிட, தணிப்பே (அதிர்வின் ஆற்றலை விழுங்கும் தன்மையே) இல்லாத மண்ணில் 5.3 மடங்கும், 5 விழுக்காடு தணிப்பு உள்ள மண்ணில் ஏறத்தாழ 3.8 மடங்கும் அசைவு இருக்கும். வேறு அலைவுக்காலங்களில் இவ்வளவு இருக்காது. ஆகவே "இந்த மண் எத்தனை மடங்கு கூட்டும்" என்று கேட்பது பாதிக் கேள்வியே. "எந்த அலைவுக்காலத்தில்" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு.

செங்கல்:

நீங்கள் எழுதியது ஏட்டுக் கணக்காக இருக்கலாம். ஆனால் களத்தில் வேலை செய்யும் பலரும் சொல்வது வேறு: மென்மண் ஒரு மெத்தை போன்றது, பாறையில் சுள்ளென்று ஏறும் அதிர்வை அது உள்வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். களிமண்ணுக்கு ஆற்றலை விழுங்கும் தன்மை உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாதே?

நிலஅலை:

விழுங்கும் தன்மை உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. தணிப்பு என்பது மண் எவ்வளவு திரிந்து வளைகிறது என்பதைப் பொறுத்துக் கூடும். சிறிய அசைவில் பெரும்பாலான மண்ணில் தணிப்பு ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. மெக்சிகோ நகரத்து ஏரிக் களிமண் இதிலும் விதிவிலக்கானது. எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான அந்தக் களிமண்ணில் உலர்ந்த துகள்களின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடையுள்ள நீர் நிற்கிறது. அவ்வளவு குழைவான களிமண் பெரிய அசைவிலும் மீள்தன்மையை இழப்பதில்லை. ஆற்றலை விழுங்குவதும் மிகக் குறைவு. நகரத்தின் போக்குவரத்துத் துறை வளாகத்தில் இருந்த பதிவுக்கருவியின் கீழே அந்தக் களிமண் ஏறத்தாழ 40 மீட்டர் தடிமன், அலைவேகம் வினாடிக்கு 75 மீட்டருக்கு அருகில். மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 2 வினாடிக்குச் சற்று மேல் வரும். 1985-இல் அங்கே பதிவான அதிர்வும் ஏறத்தாழ 2 வினாடி இடைவெளியில்தான் ஒழுங்காக ஆடியது. உச்ச முடுக்கம் பாறையில் புவியீர்ப்பு முடுக்கத்தின் 3, 4 விழுக்காடு. அந்தக் களிமண்ணின் மேல் 17 விழுக்காடு. 2 வினாடி அலைவுக்காலம் கொண்ட ஒரு கட்டடம் அங்கே நின்றிருந்தால் உணர்ந்திருக்கக்கூடிய முடுக்கமோ புவியீர்ப்பு முடுக்கத்துக்கே கிட்டத்தட்டச் சமம்.

அடித்தளம்:

கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் கட்டடத்தின் பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் இந்த விவாதம் ஒற்றைக்காலில் நிற்கும். சாதாரணச் சட்டகக் கட்டடத்தின் அலைவுக்காலத்தைத் தோராயமாக மதிப்பிட, மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுப்பது வழக்கம். இரண்டு மாடி வீட்டுக்கு 0.2 வினாடி, பத்து மாடிக்கு 1 வினாடி. 1985-இல் மெக்சிகோ நகரத்தில் மிகுதியாகச் சரிந்தவை ஆறு முதல் பதினைந்து மாடிவரை இருந்தவை. 2 வினாடி ஆட்டத்துக்கு இருபது மாடியல்லவா விழுந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். விரிசல் விட விடக் கட்டடத்தின் விறைப்புக் குறைந்து அலைவுக்காலம் நீள்கிறது. ஒரு வினாடியில் தொடங்கிய கட்டடம் சேதமடைந்தபடியே 2 வினாடியை நோக்கிச் சென்று, தன்னை மிகவும் ஆட்டக்கூடிய அலையிடம் தானே போய் மாட்டிக்கொள்கிறது. அதே ஏரித்தரையில் நின்ற தாழ்வான பழைய கல்கட்டடங்கள் பலவும் மிகுந்த சேதமின்றித் தப்பின. ஒரே மண்தான், கட்டடங்கள் வேறு.

2017-ஐ எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். சரியாக 32 ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 19 அன்று, 7.1 அளவில், இம்முறை நகரத்துக்கு 120 கிலோமீட்டர் அளவில் நெருக்கமாக நிலநடுக்கம் வந்தது. அருகிலிருந்து வந்ததால் குறுகிய அலைவுக்கால அலைகள் மிகுந்திருந்தன. சேதம் ஏரித்தரையின் ஆழமான நடுப்பகுதியை விட்டு, களிமண் மெலிந்து ஒரு வினாடிக்குச் சற்று மேற்பட்ட அலைவுக்காலம் கொண்ட மேற்கு ஓரத்துக்கு நகர்ந்தது. இடிந்தவற்றுள் பெரும்பாலானவை பத்து மாடிக்குக் கீழ்ப்பட்டவை. 1985-ஐ மட்டும் பார்த்து "இந்தத் தெரு ஆபத்து, அந்தத் தெரு பாதுகாப்பு" என்று கோடு போட்டு வைத்திருந்தவர்களுக்கு அது போதிய வழிகாட்டியாக அமையவில்லை. செய்தித்தாள்கள் நிலநடுக்கத்தின் அளவை மட்டும் பெரிய எழுத்தில் போடுவதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கருத்து.

புதுமனை:

நன்றி, ஐயா. அப்படியானால் மண்ணுக்கு ஓர் அலைவுக்காலம், கட்டடத்துக்கு ஓர் அலைவுக்காலம், வரும் அலைக்கு ஓர் அலைவுக்காலம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படி இருக்க, விதிகள் ஏன் மேல் 30 மீட்டரின் அலைவேகம் என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடுகின்றன?

துளைக்கருவி:

மண் ஆய்வுதான் என் வேலை என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். 30 மீட்டர் என்பதில் இயற்பியல் மர்மம் எதுவும் இல்லை. வழக்கமான துளையிடும் பணி பொருளாதாரமாக எட்டக்கூடிய ஆழம் அது. அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் வழங்கிவந்த வகைப்பாட்டில், வினாடிக்கு 760 மீட்டருக்கு மேல் பாறை, 360 முதல் 760 வரை மிக அடர்ந்த மண் அல்லது மென்பாறை, 180 முதல் 360 வரை விறைப்பான மண், 180-க்குக் கீழே மென்மண். ஐரோப்பிய விதி பாறைக்கு 800 என்ற எல்லையை வைத்துக்கொண்டது. விலை குறைவு, ஒப்பிட எளிது, உலகெங்கும் ஒரே அளவுகோல் என்பதால் இது நிலைபெற்றுவிட்டது.

இதன் குறையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். இரண்டு மனைகளிலும் மேல் 30 மீட்டரில் அலைவேகம் 250 என்று வைத்துக்கொள்வோம். முதல் மனையில் 30-ஆவது மீட்டரிலேயே கெட்டியான பாறை, அலைவுக்காலம் 0.48 வினாடி. இரண்டாவதில் பாறை 200 மீட்டர் ஆழத்தில், முழு ஆழத்துக்கும் சராசரி வேகம் 400. அலைவுக்காலம் 2 வினாடி. விதியின் பார்வையில் இரண்டும் ஒரே வகை. முதல் மனை ஐந்து மாடியை உலுக்கும்; இரண்டாவது இருபது மாடியை உலுக்கும். 1967-இல் கராகஸ் நகரத்தின் பாலோஸ் கிராண்டெஸ் பகுதியில் உயரமான கட்டடங்கள் குறிவைத்ததுபோல் சேதமடைந்ததற்கு, அங்கே வண்டல் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமாகச் சென்றதே முக்கியக் காரணமாகக் காட்டப்பட்டது. 30 மீட்டர் எண் அதைக் காட்டியிருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அறிக்கைகளில் இது என் கண்ணில் அடிக்கடி படுகிறது. சராசரி வேகம் என்பது அலை 30 மீட்டரைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்பட வேண்டும். மேலே 10 மீட்டர் 120 வேகத்திலும், கீழே 20 மீட்டர் 400 வேகத்திலும் இருந்தால் சரியான விடை 225. தடிமனுக்கேற்ற சாதாரணச் சராசரி போட்டால் 307 என்று வந்து, மண் உள்ளதைவிடக் கெட்டியாகத் தோன்றும். இதற்கு மேல், குறுக்கலையின் வேகத்தை நேரடியாக அளக்காமல், துளையில் சுத்தியல் அடி எண்ணி எடுக்கும் 'N' என்ற மதிப்பிலிருந்து சூத்திரம் வழியாக ஊகித்து எழுதும் வழக்கமும் இருக்கிறது. அந்தச் சூத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மண்ணில் பிறந்தவை. வேறு மண்ணுக்குப் பொருத்தும்போது விடை பெரிதும் சிதறும்.

செங்கல்:

அடித்தளம் அவர்களே, பைலை (மண்ணுக்குள் ஆழமாகச் செல்லும் அடித்தளத் தூணை) இறக்கிப் பாறையில் ஊன்றிவிட்டால் இந்தக் கவலை எல்லாம் தீர்ந்துவிடாதா?

அடித்தளம்:

எடை தாங்குவதும் கீழே அமிழாமல் இருப்பதும் தீரும், குலுக்கம் தீராது. பைலைச் சுற்றி நிற்பது அதே மண்தான், அது பக்கவாட்டில் ஆடும்போது பைலையும் இழுத்துக்கொண்டே ஆடும். மென்மண்ணும் கெட்டி மண்ணும் சந்திக்கும் ஆழத்தில் பைலுக்குள் பெரும் வளைவு விசை உருவாகும் என்பதால் அந்த இடத்தில் கம்பியைக் குறைக்கக் கூடாது. பாறையை எட்டாமல் களிமண்ணின் உரசலை மட்டும் நம்பி நின்ற பைல்கள் 1985-இல் மெக்சிகோவில் பிடியிழந்து, அவற்றின் மேல் இருந்த கட்டடங்கள் சரிந்து அமிழ்ந்ததும் உண்டு.

மணற்கடிகை:

இதுவரை எழுதியவற்றில் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டிருக்கிறது. மேலே உள்ள கணக்குகள் எல்லாம் மண்ணின் விறைப்பு மாறாது என்ற எண்ணத்தில் நிற்பவை. பெரும் குலுக்கத்தில் அப்படி இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு திரிபு (மண்ணின் வடிவ மாற்றம்) ஏற்பட்டாலே சாதாரண மணலின் விறைப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுந்துவிடும். விறைப்பு பாதியானால் அலைவுக்காலம் 1.4 மடங்கு நீளும், தணிப்பும் பல மடங்கு கூடும். ஆகவே மெல்லிய அதிர்வில் அளந்த பெருக்கத்தை வலுத்த அதிர்வுக்கு அப்படியே நீட்டக் கூடாது.

1989 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒட்டினாற்போல் இருக்கும் இரு தீவுகளில் கருவிகள் இருந்தன. பாறையாலான எர்பா புவேனா தீவில் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 6, 7 விழுக்காடு. கடலில் மணலைக் கொட்டி உருவாக்கிய டிரெஷர் தீவில் 16 விழுக்காடு. வந்த அலை மெலிந்திருந்தது, மண் கூட்டியது. 1995 ஜனவரியில் கோபே நகரத்தின் போர்ட் தீவில் நடந்தது நேர்மாறானது. அங்கே 83 மீட்டர் ஆழத்தில் பதிவான கிடைமட்ட முடுக்கத்தில் ஏறத்தாழ பாதிதான் மேற்பரப்பில் பதிவானது, ஏனென்றால் இடையில் இருந்த நிரப்பு மண் திரவமாகிக் குறுக்கலையைக் கடத்தும் வலுவை இழந்துவிட்டது. செங்குத்து அசைவோ மேலே வரக் கூடியே போயிற்று. நீர் நிறைந்த மண்ணிலும் அழுத்த அலைக்குத் தடையில்லை.

செங்கல்:

அப்படியானால் நான் சொன்ன மெத்தை கடைசியில் உண்மைதானே? குலுக்கம் பெரிதானால் மென்மண் குறைத்துத்தான் கொடுக்கிறது.

மணற்கடிகை:

குறுகிய அலைவுக்காலத்துக்கு மட்டும் ஓரளவு உண்மை. அமெரிக்க விதிகளில் 1990-களில் புகுந்த பெருக்கக் காரணிகளைப் பாருங்கள். மென்மண் வகைக்குக் குறுகிய அலைவுக்காலத்தில் காரணி, மெல்லிய குலுக்கத்தில் 2.5 என்று தொடங்கி வலுத்த குலுக்கத்தில் 0.9 வரை இறங்குகிறது. ஆனால் ஒரு வினாடி அலைவுக்காலத்தில் 3.5-இல் தொடங்கி 2.4-க்குக் கீழே இறங்குவதே இல்லை. தாழ்வான வீட்டுக்கு மென்மண் சில வேளைகளில் சலுகை காட்டும். உயரமான கட்டடத்துக்குக் காட்டாது.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் அதிர்ந்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. பழைய ஏரிப்படிவின் மேல் இருக்கும் காத்மாண்டுவில் உச்ச முடுக்கம் 16 விழுக்காடு அளவிலேயே நின்றது. ஆனால் 4, 5 வினாடி இடைவெளியில் நிலம் நீளமாக ஆடியது. தாழ்வான கட்டடங்கள் அஞ்சிய அளவுக்கு விழவில்லை. நிலநடுக்கத்தை உண்டாக்கிய நிலப்பிளவு முறிந்த விதத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் எல்லாவற்றையும் மண்ணின் கணக்கில் எழுத மாட்டேன். இன்னொரு நாள் இன்னொரு விதமாக முறிந்தால் அதே தாழ்வான கட்டடங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை.

தவிர, மண் வலுவிழந்து குலுக்கத்தைக் குறைத்தது என்றால், அதன் மேல் நிற்கும் அடித்தளத்தின் கதி என்ன? தளர்ந்த மணலின் இடைவெளிகளில் நீர் நிறைந்திருந்தால், குலுங்கும்போது மணல் நெருங்கப் பார்க்கிறது, நீர் வெளியேற நேரமில்லாமல் அதன் அழுத்தம் ஏறுகிறது, துகள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்த பிடி போய்விடுகிறது. 1964-இல் ஜப்பானின் நீகாத்தாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் அவ்வளவாக உடையாமலேயே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தன. 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்திலும் அதற்கு முந்தைய, பிந்தைய அதிர்வுகளிலும் திரவமான நிலப்பரப்பு எவ்வளவு பரந்தது என்றால், ஆயிரக்கணக்கான வீட்டுமனைகளை அரசே வாங்கிக் குடியிருப்புக்கு உதவாதவை என்று ஒதுக்கியது. இதை மெத்தை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நிலஅலை:

படுகைகளைப் பற்றியும் சேர்த்துவிடுகிறேன். நான் முதலில் எழுதிய கணக்கில் அலை நேர்கீழிருந்து மட்டும் வருகிறது. மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் வண்டல் நிறைந்த படுகையில், ஓரத்தில் மோதும் அலை மேற்பரப்பு அலையாக மாறிப் படுகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. குலுக்கம் கூடுவதோடு நீடிக்கவும் செய்கிறது. கோபேயில் சேதம் ஒரு குறுகிய பட்டையாகப் பிளவுக்கோட்டுக்குச் சற்று விலகியே அமைந்ததற்கு, படுகையின் விளிம்பில் இருவகை அலைகள் ஒன்றுசேர்ந்ததைக் காரணமாகக் காட்டுகிறார்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் 9 அளவில் நிலம் நடுங்கியபோது, ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தள்ளி ஒசாகா படுகையின் மேல் நின்ற 256 மீட்டர் உயர அரசு அலுவலகக் கட்டடம் உச்சியில் இப்படியும் அப்படியுமாக மொத்தம் 2.7 மீட்டர் அளவுக்கு ஆடியது. தரையில் நின்றவர்களுக்கு அது ஜப்பானிய அளவுகோலில் 3 என்ற மிதமான அதிர்வுதான். கட்டடத்தின் அலைவுக்காலமும் அடியில் இருந்த ஆழமான படிவின் அலைவுக்காலமும் 6, 7 வினாடியில் பொருந்திவிட்டன. மேல் 30 மீட்டரை எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

புதுமனை:

ஒரு மனையின் அலைவுக்காலத்தை ஆழமாகத் துளையிடாமல் அறிய வழி இருக்கிறதா?

துளைக்கருவி:

இருக்கிறது. போக்குவரத்து, காற்று, கடலலை ஆகியவற்றால் நிலம் எப்போதும் மிக நுண்ணிதாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று திசைகளிலும் பதியும் ஒரு கருவியை மனையில் அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ வைத்து, கிடைமட்ட அதிர்வை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் செங்குத்து அதிர்வால் வகுத்தால், மண்ணின் இயல்பான அதிர்வெண்ணில் ஒரு சிகரம் தெரியும். ஜப்பானியரான நகமுரா 1989-இல் பரவலாக்கிய முறை இது. சிகரம் கூர்மையாக இருந்தால், அடியில் கெட்டியான எல்லை ஒன்று இருக்கிறது என்று பொருள். சிகரமே இல்லாவிட்டால் பாறையாகவும் இருக்கலாம், எல்லை தெளிவின்றி மெல்ல மாறும் ஆழ்ந்த படிவாகவும் இருக்கலாம், அதைப் பிரித்தறிய வேறு அளவீடு தேவை. சிகரத்தின் உயரத்தைப் பெருக்கத்தின் மடங்காக எடுத்துக்கொண்டு அறிக்கை எழுதுகிறவர்களை மட்டும் நம்ப வேண்டாம். அந்த உயரம் அதைச் சொல்வதில்லை. மணற்கடிகை அவர்கள் எழுதியபடி வலுத்த குலுக்கத்தில் அலைவுக்காலம் நீளும் என்பதால், இப்படிக் கிடைக்கும் எண்ணைக் குறைந்தபட்ச மதிப்பாகவே கொள்ள வேண்டும்.

ஆகவே மண் ஆய்வு அறிக்கை கைக்கு வரும்போது, வகை என்ன என்பதோடு நிறுத்தாமல், குறுக்கலை வேகம் நேரடியாக அளக்கப்பட்டதா, பாறை எந்த ஆழத்தில் என்பது தெரியுமா, நிலத்தடி நீர் மட்டம் மழைக்காலத்தில் எங்கே நிற்கும், மேல் 15, 20 மீட்டருக்குள் தளர்ந்த மணல் அடுக்கு உண்டா என்று கேளுங்கள். மனையின் அலைவுக்காலம் தெரிந்தவுடன், வடிவமைப்பு முடிவதற்கு முன்பே, அதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். மாடி எண்ணிக்கையையும் சுவர்களின் விறைப்பையும் மாற்றி இரண்டு அலைவுக்காலங்களையும் விலக்கி வைக்க அவருக்கு அந்தக் கட்டத்தில்தான் இடம் இருக்கும்.